பாலை கெட்ட நிலமா? பாரஸ்ட் ஷ்ரீவின் ஆராய்ச்சி பற்றி ஒரு திறனாய்வு

பாலை என்னும் சொல்லைக் கேட்ட அளவில் தமிழ் கற்றார் நெஞ்சில் எழுவது பிரிவு. பொருள் தேடிச் செல்லும் தலைவன் கடக்க வேண்டிய கொடிய சுரம் அது. அந்நிலத்தின் தோற்றம் பற்றிச் சிலப்பதிகாரம் தரும் விளக்கமும் நாம் அறிந்ததே. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு கெட்டபோது கொள்ளும் வடிவமே பாலை என்பது அதன் கருத்து. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. நல்ல நிலம் நலிந்த காலத்து எய்தும் நிலையே அது. தமிழகத்து வேனிலைக் கண்டு சொன்ன அளவில் இவ்விளக்கம் மிகவும் பொருத்தமானது.

ஆனால், 'டெசர்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பாலைவனம் எனப் பெயர் சூட்டியபோது, அப்பெயரோடு இக்கருத்தையும் நாம் உடன் அழைத்து வந்துவிட்டோம். பாலைவனம் என்றால் கெட்டுப்போன நிலம், மழை வந்தால் திருந்திவிடும் நிலம், அதுவரை ஒன்றும் இல்லாத நிலம் என்று எண்ணப் பழகிவிட்டோம். வகுப்பில் பிள்ளைகளைப் பாலைவனம் வரையச் சொன்னால் மணல்மேடு, ஒட்டகம், ஈச்சமரம் ஆகிய மூன்றோடு தாள் நிறைந்துவிடும். பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. ஆசிரியராகிய நாம் கற்பித்தது அவ்வளவே.

இவ்வெண்ணத்தைத் தம் வாழ்நாள் உழைப்பால் மறுத்தவர் அமெரிக்கச் சூழலியல் அறிஞர் பாரஸ்ட் ஷ்ரீவ் (1878–1950). அவருடைய ஆராய்ச்சியில் இன்றும் நிலைத்து நிற்பது எது, பிற்காலத்தார் திருத்தியது எது, நமக்கு அதனால் ஆவது என்ன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மழைக்காட்டிலிருந்து பாலைக்கு

ஷ்ரீவ் பாலையிற் பிறந்தவர் அல்லர். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியாகிய மேரிலாந்தைச் சேர்ந்தவர். அவர் முதலில் ஆராய்ந்தது, ஓயாது மழைமுகில் படியும் ஜமாய்க்கா தீவின் நீலமலைக் காடு. அதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1914இல் வெளிவந்தது. ஈரம் மிகுந்த அம்மலைக்காட்டில் செடிகளின் வளர்ச்சி விரைவாக இருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். அது மெதுவாகவே நடைபெறுவதை அவர் கண்டார். நீர் மிகுந்தால் மட்டும் வாழ்வு செழித்துவிடாது என்னும் பாடத்தை அவர் அங்கேயே கற்றார் எனலாம்.

1908இல் அரிசோனா மாநிலத்து டூசான் நகருக்கு அவர் வந்து சேர்ந்தார். நகரின் மேற்கே டூமமாக் என்னும் கற்குன்று உள்ளது. அதன்மேல் வாஷிங்டன் கார்னகி நிறுவனம் 1903இல் ஒரு பாலைவன ஆய்வுக்கூடம் அமைத்திருந்தது. அங்கு ஓராண்டிற் பெய்யும் மழை ஏறத்தாழப் பன்னிரண்டு அங்குலம். நம் தோட்டப்புறங்களில் பெய்வது அதைப்போல் ஏழெட்டு மடங்கு இருக்கும். அந்தப் பன்னிரண்டு அங்குலமும் ஒருமித்துப் பெய்வதில்லை. கோடையில் ஒரு பகுதி, குளிர்காலத்தில் ஒரு பகுதி எனப் பிரிந்து வரும். சில ஆண்டுகளில் ஒரு பகுதி வாராமலே போவதும் உண்டு. அக்குன்றையும் அதனைச் சூழ்ந்த பாலையையும் விட்டு நீங்காமல் ஷ்ரீவ் தம் எஞ்சிய நாற்பதாண்டையும் கழித்தார்.

எண்ணுதல் என்னும் அறம்

அக்காலத்துத் தாவர ஆராய்ச்சியாளர் பலர் ஊர் ஊராகச் சென்று செடி பறித்துப் பெயரிட்டுத் திரும்பினர். ஷ்ரீவ் செய்த வேலை வேறு. ஒரு சிறு நிலத்துண்டை அளந்து எல்லையிட்டு, அதில் முளைத்த ஒவ்வொரு கன்றையும் குறித்துவைத்து, ஆண்டுதோறும் அதே இடத்திற்குச் சென்று, இன்னது உளது, இன்னது இறந்தது என்று எழுதினார்.

அங்கு 'பாலோ வெர்டி' என்றொரு மரம் உண்டு. ஸ்பானிய மொழியில் பச்சைக் கோல் என்று பொருள். வறட்சியில் இலையெல்லாம் உதிர்ந்தாலும் அதன் பச்சை மரப்பட்டையே இலையின் தொழிலைச் செய்து உணவு ஆக்கும். நல்ல மழைக்குப் பின் அதன் விதைகள் கூட்டமாக முளைத்தன. முதலாண்டிலேயே அவற்றுள் மிகப் பெரும்பான்மை மடிந்தன. எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கன. இதனை ஷ்ரீவ் 1917இல் வெளியிட்டார். பாலையில் மரம் அருகியிருப்பதற்குக் காரணம் விதைப் பஞ்சமன்று. முதல் ஓரிரண்டு ஆண்டுகளைத் தாண்டுவதே அரிது என்பது இதனால் விளங்கிற்று. வளர்ந்த மரத்தை மட்டும் பார்த்து ஆராய்பவர்க்கு இவ்வுண்மை ஒருபோதும் புலனாகாது.

அவருடைய சகுவாரோ ஆராய்ச்சியும் இத்தகையதே. சகுவாரோ என்பது நாற்பதடிக்கு மேலும் தூண்போல் உயர்ந்து வளரும் பெருங்கள்ளி. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலும் வாழ வல்லது. அது வடக்கே ஓர் எல்லையோடு நின்றுவிடுவது ஏன்? குளிர் என்று எளிதாக விடை கூறிவிடலாம். எத்தகைய குளிர் என்று கேட்டவர் ஷ்ரீவ். இரவில் எவ்வளவு குளிர்ந்தது என்பதைவிட, உறைநிலை எத்தனை மணிநேரம் இடைவிடாது நீடித்தது என்பதே கள்ளியின் உயிரைத் தீர்மானிக்கிறது என்று 1911இல் அவர் காட்டினார். இரவில் உறைந்தாலும் மறுநாள் நண்பகல் வெயில் உறைவைத் தளர்த்துமாயின் அது பிழைக்கும். பகலிலும் உறைவு நீங்காத இடத்தில் அது மடியும். பாலைத் தாவரத்தின் எல்லையை வகுப்பது வெப்பமும் வறட்சியுமே என்று நினைத்திருந்தோர்க்கு இது புதிய செய்தி.

கிளெமெண்ட்சுடன் மாறுபாடு

ஷ்ரீவின் கருத்துகளுள் தலைமையானதை இனிக் காண்போம். அந்நாளில் அமெரிக்கத் தாவரச் சூழலியலில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தவர் பிரெடரிக் கிளெமெண்ட்ஸ். 1916இல் அவர் வெளியிட்ட நூலின் கொள்கை இது: வெறுநிலம் எதுவாயினும் அதில் ஒரு செடிக்கூட்டம் முதலில் குடியேறும், அது மண்ணைப் பக்குவப்படுத்தி அடுத்த கூட்டத்திற்கு வழிவிடும், இவ்வாறு படிப்படியாக மாறி, அத்தட்பவெப்பத்திற்கு உரிய முடிநிலையை அந்நிலம் அடையும். இதற்கு நம் நாட்டிலேயே சான்று காணலாம். கைவிட்ட பால்மரக் காட்டில் முதலில் லாலாங் புல் மண்டுகிறது. பிறகு சிறுமரங்களும் கொடிகளும் எழுந்து பெலுக்கார் ஆகிறது. நெடுங்காலம் தீண்டாமல் விட்டால் பெருங்காடு தலைகாட்டுகிறது.

ஆனால் பாலையில் ஷ்ரீவ் கண்டது வேறு. அங்கே ஓரிடத்துச் செடிகள் அழிந்தால், அவ்விடத்தில் மீண்டும் முளைப்பன பெரும்பாலும் அதே இனங்கள். முன்னோடியும் இல்லை, பின்னோடியும் இல்லை. ஆகவே, பாலை என்பது காடாவதற்குக் காத்திருக்கும் நிலமன்று. காடு கெட்டு ஆனதும் அன்று. அது தன்னளவில் முழுமையான ஓர் உயிர்ச்சூழல் என்பது அவர் முடிவு. கிளெமெண்ட்சும் அதே கார்னகி நிறுவனத்தின் ஊழியர். 1917 முதல் சில ஆண்டுகள் டூசானிலேயே தங்கிப் பணியாற்றியவர். ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு மாறுபட்டதற்கு ஷ்ரீவ் கைக்கொண்ட ஆயுதம் சொற்போரன்று, துண்டு நிலங்களின் கணக்கே. 1906இல் ஆய்வுக்கூடத்தார் எல்லையிட்ட நிலங்களை அவர் திரும்பத் திரும்ப அளந்து, முப்பதாண்டு மாற்றத்தை ஹிங்க்லி என்பவரோடு சேர்ந்து 1937இல் வெளியிட்டார். அவருக்குப் பின் கோல்ட்பர்க், டர்னர் என்னும் இருவர் 1978 வரையிலான அளவுகளை ஆராய்ந்து 1986இல் எழுதியபோதும், ஒரே திசையில் செல்லும் மாற்றம் காணப்படவில்லை என்றே கூறினர். தலைமையான கருத்தில் ஷ்ரீவ் வென்றார் என்பதில் ஐயமில்லை.

ஷ்ரீவ் தவறிய இடங்கள்

எனினும், பெரியோர் கூறினார் என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றல் திறனாய்வு ஆகாது. மூன்று இடங்களில் அவர் முடிவுகள் திருத்தம் வேண்டுவன.

முதலாவது, அவர் தம் முறையைத் தாமே மறந்து அவசரப்பட்ட இடம். சகுவாரோக்களின் உயரத்தை அளந்து வயதைக் கணித்து, இளங்கன்றுகள் மிகக் குறைவு. இறப்பவற்றை ஈடுசெய்யும் அளவுக்குப் புதியன தோன்றவில்லை என்று 1910இல் எழுதினார். அக்குன்றின் சகுவாரோக்களை 1908இலேயே கணக்கெடுத்திருந்தனர். அதே நிலங்களை 1964, 1970, 1993 ஆகிய ஆண்டுகளில் மறுபடியும் எண்ணினார்கள். பியர்சன், டர்னர் ஆகியோர் 1998இல் வெளியிட்ட அந்த எண்பத்தைந்தாண்டுக் கணக்கு வேறு கதை சொல்கிறது. சகுவாரோ ஆண்டுதோறும் ஒரே சீராகப் பிறப்பதன்று. சில பத்தாண்டுகளில் கன்றுகள் மிகுதியாக நிலைபெறும். சில பத்தாண்டுகளில் ஏறக்குறைய ஒன்றுமே இராது. முதல் எட்டாண்டில் ஒன்றரை அங்குலம்கூட வளராத கன்று, கல்லிடுக்கிலும் மரநிழலிலும் மறைந்திருப்பது கண்ணில் படாமற் போவதும் இயல்பே. நூற்றைம்பது ஆண்டு வாழும் ஓர் உயிரை ஓரிரு ஆண்டுக் கணக்கால் தீர்ப்பிடப் புகுந்ததே பிழை.

இப்பிழை ஷ்ரீவோடு முடியவில்லை. டூசானுக்குக் கிழக்கேயுள்ள சகுவாரோக் காடு நூற்றாண்டின் இறுதிக்குள் அழிந்துபோம் என்று 1962இல் ஓர் ஆய்வு கணித்தது. அந்தக் காடு அழியவில்லை; 1994இல் தேசியப் பூங்கா ஆயிற்று.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்று கூற வாசகர்கள் பொறுத்தருள்க. முன்பு யான் பணியாற்றிய ஒரு தோட்டப் பள்ளியின் மூவாண்டுச் சேர்க்கைக் கணக்கைப் பார்த்துவிட்டு, "இது மூடப்போகும் பள்ளி, ஐயா, இதற்கு எதற்குப் புதுக் கூரை?" என்றார் வந்திருந்த ஒருவர். சில ஆண்டு கழித்து அருகே வீடமைப்புப் பகுதி எழுந்தது, குடும்பங்கள் வந்தன, முதலாம் வகுப்பில் நாற்காலி போதவில்லை. எல்லாப் பள்ளிக்கும் இப்படி நேரும் என்று யான் சொல்லவில்லை. நேராமல் மூடிய பள்ளிகளையும் கண்டிருக்கிறேன். குறுகிய கணக்கை நீண்ட தீர்ப்பாக ஆக்கலாகாது என்பதே யான் கூற வந்தது.

இரண்டாவது, பாலையில் ஒரு செடி மற்றொன்றுக்கு வழிவிடுவதே இல்லை என்னும் அளவுக்குச் சென்றது மிகை. சகுவாரோக் கன்று பெரும்பாலும் பாலோ வெர்டி போன்ற மரங்களின் நிழலிலேயே பிழைக்கிறது. பகலில் வெயிலையும் இரவில் குளிரையும் அம்மரம் தணித்துக் கொடுக்கிறது. ஆராய்ச்சியாளர் இதனைச் செவிலிமரம் என்று அழைப்பது நம் இலக்கியச் செவிலித்தாயை நினைவூட்டும். ஆனால் முடிவு சங்கப் பாட்டிற் போன்றதன்று. வளர்ந்த சகுவாரோ தன் அகன்ற மேல்வேர்களால் மழைநீரை முந்திப் பருகுவதால், வளர்த்த மரமே நலிகிறது என்று மெக்காலிஃப் என்பவர் 1984இல் காட்டினார். நிழலும் வெயிலும் செடிகளுக்குச் செய்யும் வேறுபாட்டை ஷ்ரீவும் அளந்தவரே. அதனைத் தம் பொதுக்கொள்கையோடு அவர் போதிய அளவு இணைக்கவில்லை.

மூன்றாவது, அவருடைய விளக்கத்தில் மழை, மண், வெப்பம் ஆகியவற்றுக்குக் கிடைத்த இடம் விலங்குக்கும் மனிதனுக்கும் கிடைக்கவில்லை. அரிசோனாவின் தென்கிழக்கே போர்ட்டல் என்னும் ஊரருகில் ஜேம்ஸ் பிரவுன் என்பார் 1977இல் ஒரு சோதனை தொடங்கினார். கங்காரு எலி எனப்படும் விதையுண்ணும் சிற்றெலிகள் புகாவண்ணம் சில நிலங்களுக்கு வேலியிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளில் அப்புதர்நிலம் புல்நிலமாக மாறலாயிற்று. 1990இல் இம்முடிவு வெளியாயிற்று. மழை அதே மழை; மண் அதே மண். எலி ஒன்றே வேறுபாடு. மனிதரைப் பற்றியும் ஒரு சொல். டூமமாக் என்பது அந்நிலத்துப் பழங்குடியினரான ஓதாம் மக்கள் இட்ட பெயரின் திரிபு. குன்றின்மேல் அவர்தம் முன்னோர் காலத்துக் கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. சகுவாரோக் கனி பறிக்கும் கோடைக்காலமே அவர்களுக்கு ஆண்டின் தொடக்கம். ஆய்வுக்கூடம் வருவதற்கு முன் அக்குன்று ஆளற்ற வெறுங்குன்றாக இருந்ததில்லை.

கணக்கு தொடர்கிறது

இத்தனை திருத்தங்களும் ஷ்ரீவின் பெருமையைக் குறைக்கின்றனவா? யான் அவ்வாறு கருதவில்லை. அவற்றுள் தலையாய திருத்தம் எங்கிருந்து வந்தது என்று நோக்குக. அவரும் அவருடைய கூடத்தாரும் எல்லையிட்டுக் குறித்துவைத்த அதே நிலங்களிலிருந்து வந்தது. தம்மைப் பிறர் திருத்துவதற்கான கருவியையும் அவர்கள் விட்டுச் சென்றனர். 1940இல் கார்னகி நிறுவனம் ஆய்வுக்கூடத்தைக் கைவிட்டது. 1960இல் அரிசோனாப் பல்கலைக்கழகம் அதனை வாங்கிற்று. ஆட்சி மாறினும் எண்ணும் பணி தொடர்ந்தது. 1906இன் நிலத்துண்டுகள் பற்றிய நூற்றாறு ஆண்டுக் கணக்கு 2013இல் வெளிவந்தது.

அதே குன்றில் லாரன்ஸ் வெனபிள் என்னும் பேராசிரியர் 1980களின் தொடக்கம் முதல் குளிர்காலத்துச் சிறுசெடிகளை எண்ணி வருகிறார். ஒரு மழையில் எல்லா விதையும் முளைத்துவிடுவதில்லை. ஒரு பகுதி மண்ணிலேயே உறங்கி அடுத்தடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கிறது. முளைத்தவை வறட்சியில் மடிந்தாலும் குலம் அழியாது. விதைநெல்லை ஒரே வயலில் முழுதும் கொட்டாத உழவனின் எச்சரிக்கை அது. 2010இல் அக்குழுவினர் வெளியிட்ட மற்றொரு முடிவு நம் எண்ணத்திற்கு மாறானது. உலகம் வெப்பமாகி வரும் இக்காலத்தில், அங்கே பெருகுவன குளிரை விரும்பும் செடிகள். குளிர்கால மழை இப்போது பிந்தி, மேலும் குளிர்ந்த நாட்களில் வருகிறது. ஆகலின் குளிரில் முளைக்க வல்லன முந்திக்கொள்கின்றன. ஆண்டுதோறும் எண்ணாமல், மனத்தால் மட்டும் ஊகித்திருந்தால் இதற்கு நேர்மாறாகவே சொல்லியிருப்போம்.

இப்போது பாலை கெடுகிறது

இறுதியாக, தலைப்பில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கொங்கு நாட்டுக் காங்கேயத்துக் கொறங்காடுகளில் மாடுகளுக்கு உயிராக விளங்கும் கொழுக்கட்டைப் புல்லைச் சிலர் அறிந்திருக்கலாம். அப்புல்லினத்தை ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்து, கால்நடைத் தீவனத்திற்காகவும் மண்ணரிப்பைத் தடுப்பதற்காகவும் சென்ற நூற்றாண்டில் அரிசோனாவில் விதைத்தனர். இன்று அது வேலி தாண்டிச் சகுவாரோ நிற்கும் சரிவுகளில் பரவிவருகிறது. டூமமாக் குன்றும் அதற்குத் தப்பவில்லை. பாலையில் செடிக்கும் செடிக்கும் இடையே வெறுநிலம் கிடப்பது குறை என்று நினைக்கிறோம். அந்த வெறுநிலமே தீப் பரவாமல் காத்த வேலி. புல் அவ்விடைவெளியை நிரப்பியபின், ஒரு பொறி போதும். தீயில் புல் மீண்டும் துளிர்க்கும். சகுவாரோவும் பாலோ வெர்டியும் மடியும். ஆகவே தன்னார்வலர்கள் கையால் அப்புல்லைப் பிடுங்கி வருகின்றனர்.

பாலை கெட்ட நிலமன்று என்று ஷ்ரீவ் சொன்னார், அது மெய். ஆயின், பாலையும் கெடக்கூடிய நிலமே என்பதை நாம் அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பசுமை பரவுவதாலேயே ஒரு நிலம் கெடக் கூடும் என்பதை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் கற்பிக்கவில்லை. காங்கேயத்தில் நல்ல புல், டூசானில் தீய புல். குற்றம் புல்லினுடையதன்று, நிலத்தை அறியாமல் விதைத்த கையினுடையது.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாலைவனப் பாடம் நடத்தும்போது ஒட்டகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பள்ளி வேலியோரம் ஒரு பாகம் நீளமும் ஒரு பாகம் அகலமும் கொண்ட நிலத்தைக் கயிறிட்டு, அதில் முளைக்கும் ஒவ்வொரு செடியையும் பிள்ளைகளைக் கொண்டு எண்ணச் செய்யுங்கள். கணக்கேட்டில் தேதியிட்டு எழுதி, ஆண்டு முடிவில் அடுத்த வகுப்பாரிடம் ஒப்படையுங்கள். முதலாண்டில் முடிவு எதுவும் எழுதாதீர்கள். ஐந்தாம் ஆண்டில் அந்த ஏட்டைத் திறக்கும் பிள்ளை, நாம் இன்று நினைப்பது தவறென்று காட்டுமாயின், அப்பாடம் நன்கு நடந்தது என்று கொள்ளலாம்.